மாமியார் கை

ஜூன் 5, திங்கள்

புது மென்பொருள் வந்துவிட்டது. இனி இருபத்திரண்டு பெண்களின் பேச்சும் ஒரே கோப்புக்குள் அடங்க வேண்டும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். ஒலிப்பதிவுக்கு ஒரு உறை, எழுத்துப்படிக்கு ஒரு உறை, கள நோட்டுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று. அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு சீரகம் கலந்துவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்குக் கணினி அப்படி.

தூத்துக்குடிப் பக்கத்து இறால் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் பெண்களின் உடல்நலம்தான் எங்கள் ஆய்வு. தலைமை பத்மாசினி மேடம். களத்துக்குப் போய்ப் பேசிப் பதிவு செய்தது நான், அதாவது செண்பகவல்லி. ஒலியையும் எழுத்துப்படியையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது சுகிர்தா. எம்.ஏ. படிக்கும்போது மதுரை விடுதியில் ஒரே அறை, ஒரே வாளி. இப்போது ஒரே அலுவலகம்.

ஆய்வில் யாருடைய உண்மைப் பெயரும் வராது. எல்லோருக்கும் மாற்றுப் பெயர். எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் சுகிர்தாவின் அலமாரியில், அவள் பூட்டில் இருக்கிறது. பட்டியலைப் பார்த்தவர்கள் அவளும் நானும் மட்டுமே. மேடம்கூடப் பார்த்ததில்லை.

ஜூன் 8, வியாழன்

இன்று எங்கள் பட்டியலில் ஏழாம் எண்ணான பிரகாசி அக்காவின் மூன்றாவது பதிவை எழுத்தாக்கினேன். ஏப்ரலில் அவர் வீட்டில் பதிவு செய்தது. பத்தொன்பது வருடமாக இறால் உரிக்கிறார். மாற்றுப் பெயர் வைக்க வேண்டும் என்றபோது, “அப்ப பொற்கொடின்னு வைங்க டீச்சர், சின்னதுல எனக்கு ஆசைப்பட்ட பேரு” என்றார். முதல் நாள் ‘நீங்க, டீச்சர்’. மூன்றாம் நாள் ‘நீ, பிள்ள’ என்று ஆகிவிட்டது. அந்த ‘பிள்ள’வைக் கேட்டதும் ஆய்வே முடிந்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அவர் வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் கையுறை கொடுப்பது, அவர்கள் கார் ஏறியதும் திரும்ப வாங்கிவிடுவது, விரலில் புண் உள்ளவர்களை அன்றைக்குக் கிடங்குக்குள் உட்கார வைப்பது, எல்லாம் சொன்னார். நடுவில் இது:

“காலைல ஐஸுக்குள்ள கைய விட்டா மத்தியானம் அது என் கை இல்ல பிள்ள. மாமியார் கை. தொட்டாலும் தெரியாது, தடவுனாலும் தெரியாது. கிள்ள மட்டும் நல்லாக் கிள்ளும்.”

எழுதும்போது தனியாகச் சிரித்தேன். மற்ற இருபத்தொரு பேரும் கை மரத்துப்போச்சு என்றுதான் சொன்னார்கள். இவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ.

அதற்குப் பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்கிறார், நானும் ஏதோ சொல்கிறேன். மேலே மின்விசிறிச் சத்தம். (சிரிப்பு) என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஒவ்வொரு முனகலையும் எழுதிக்கொண்டிருந்தால் இந்த ஜென்மத்தில் முடியாது.

ஜூன் 9, வெள்ளி

கோடு போடும் வேலை ஆரம்பம். பேச்சில் ஒரு துண்டுக்கு நிறம் பூசி அதற்கு ஒரு தலைப்பு ஒட்டுவதைத்தான் எங்கள் தொழிலில் கோடு என்கிறோம். ஒரே மாதிரிப் பேச்செல்லாம் ஒரே தலைப்பின் கீழ் வந்து சேரும். தலைப்பை நாமாகவும் வைக்கலாம். பேசியவர் வாயிலிருந்து வந்த சொல்லையே அப்படியே வைத்தால் அது வாய்ச்சொல் கோடு. நல்ல வாய்ச்சொல் கிடைப்பது அபூர்வம்.

எனக்குக் கிடைத்துவிட்டது. ‘மாமியார் கை’. மாலைக்குள் நாற்பத்தொரு துண்டுகள் அதன் கீழ் வந்து உட்கார்ந்தன.

ஒவ்வொரு கோட்டுக்கும் மெமோ எழுதலாம். நம் யோசனையை ஒரு மஞ்சள் தாளில் எழுதிக் குத்தி வைப்பது போல. இந்தப் பெயரை யார் வைத்தார்களோ. நம் ஊரில் மெமோ என்றால் ஆபீஸில் கூப்பிட்டு நீட்டும் ஓலை. வாங்கியவன் முகம் செத்துப்போகும்.

ஜூன் 14, புதன்

மேடம் என் பின்னால் நின்றுகொண்டே திரையைப் பார்த்தார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

“செண்பகம், இது ப்ரில்லியண்ட். கை அத்தியாயத்துக்கு இதுதான் டைட்டில். நவம்பர் கருத்தரங்குக்கு நீயே தனியா ஒரு கட்டுரை கொடு.”

தனியாக. அந்த ஒரு சொல்லுக்காக ஆறு வருடம் காத்திருந்தேன். சுகிர்தா பக்கத்து மேசையில் காதில் கருவி மாட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஏதோ குறைவாகப் பட்டது.

ஜூன் 16, வெள்ளி

சுகிர்தா அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நாகர்கோவில் போயிருக்கிறாள். மடிக்கணினியை எடுத்துப் போய் அங்கிருந்தே வேலை பார்ப்பாளாம். பார்க்கட்டும்.

ஜூன் 19, திங்கள்

காலையில் கோப்பைத் திறந்தேன். ‘மாமியார் கை’யைக் காணோம்.

முதலில் அழிந்துவிட்டது என்று நினைத்து உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பிறகு பார்த்தால் நாற்பத்தொரு துண்டுகளும் பத்திரமாக இருக்கின்றன, தலைப்பு மட்டும் ‘கை உணர்விழப்பு’ என்று மாறியிருக்கிறது. கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் ‘சு’. ஞாயிறு காலை பதினொன்றே காலுக்கு.

கை உணர்விழப்பு! ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட இதைவிட உயிரோடு எழுதுவார்கள். வெயிலில் அலைந்து, வீடு வீடாக உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கடுங்காப்பியை எல்லாம் குடித்துக் கேட்டு வாங்கியவள் நான். இவள் அம்மா வீட்டில் உட்கார்ந்தபடி பெயரை மாற்றுகிறாள், தன் எழுத்தையும் போட்டுக்கொள்கிறாள். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே.

மேடம் அன்றைக்கு என்னைப் பாராட்டினாரே, அதுதான் பொறுக்கவில்லை. வேறென்ன. ஒரே வாளியில் குளித்தவளுக்கு என் முகத்தில் ஒரு நாள் வெளிச்சம் விழுந்தால் தாங்கவில்லை.

கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் தாள் குறி தெரிகிறது. மெமோ வேறு எழுதியிருக்கிறாள். எனக்கே மெமோவா? நான் திறக்கவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. மத்தியானம் வாட்ஸ்அப்பில் வந்தது: “செண்பா, மெமோ பாத்தியா? முக்கியம்டி.”

“பார்த்தேன்” என்று மட்டும் போட்டேன். “அப்பாடா, தேங்க்ஸ்” என்று பதில் போட்டாள். எதற்கு நன்றி என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அம்மா தொலைபேசியில் மாப்பிள்ளை ஒருவர் எங்கள் ஊர் கோவில்பட்டியிலேயே இருப்பதாகச் சொன்னாள். அடுத்த வாரம் பேசலாம் என்றேன்.

ஜூன் 21, புதன்

பழைய தலைப்பைத் திரும்ப வைத்தேன். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். இனி என்னைத் தவிர யாரும் உள்ளே கை வைக்க முடியாது.

ஜூன் 23, வெள்ளி

அறிக்கை முடிந்தது. நூற்று நாற்பது பக்கம். மூன்றாம் அத்தியாயம்: ‘மாமியார் கை’. முகப்பிலேயே பொற்கொடியின் அந்த நாலு வரி. அதற்குக் கீழே கையுறை விவகாரமும் கிடங்கு விவகாரமும் பொற்கொடி சொன்னபடியே.

கம்பெனிதான் பெண்களைச் சந்திக்க அனுமதி கொடுத்தது. பதிலுக்கு அறிக்கையின் பிரதி ஒன்று முதலில் அவர்கள் பார்வைக்குப் போகும் என்று ஒப்பந்தம். அனுப்புவதற்கு முன் மேடம் கேட்டார்.

“அடையாளம் எதுவும் இல்லையே? சுகிர்தா செக் பண்ணிட்டாளா?”

“எல்லாம் பார்த்தாச்சு மேடம்” என்றேன். பெயர் இல்லை, தெரு இல்லை, வயதைக்கூட இரண்டு கூட்டி எழுதியிருக்கிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

மேடம் என் முன்னாலேயே அனுப்பினார்.

ஜூன் 30, வெள்ளி

சுகிர்தா வந்துவிட்டாள். என் மேசையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் வைத்தாள்.

“ரிப்போர்ட் போயிருச்சாமே? அத மாத்தித்தானே அனுப்பின?”

“எல்லாம் சரியாத்தான் போயிருக்கு.”

“கோப்பு ஏன் திறக்க மாட்டேங்குது?”

“பாதுகாப்புக்குப் பூட்டியிருக்கேன்.”

அவள் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். சிப்ஸைத் தொடவே கூடாது என்று நினைத்தேன். நாலு மணிக்குப் பசித்தது. பாதி தின்றேன்.

ஜூலை 4, செவ்வாய்

நகல் எடுக்கும் நாள். வன்தட்டில் ஒன்று, அலுவலக சர்வரில் ஒன்று. மின்சாரம் இரண்டு முறை போனது. கட்டுரைக்கு முதல் மூன்று பக்கம் எழுதினேன்.

ஜூலை 10, திங்கள்

காலை ஒன்பது மணிக்குப் பிரகாசி அக்கா அழைத்தார். இதுவரை அவராக அழைத்ததே இல்லை.

“மெமோ குடுத்துட்டாவ டீச்சர். கம்பெனிக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தேனாம். கேட்டுக்குள்ள விடலை.”

உங்கள் பெயர் எங்கேயும் இல்லையே அக்கா என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பத்தொன்பது வருட வேலை. பெயரைக் கொண்டு போய் யாரோ கொடுத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் கொடுக்கவில்லை. அப்படியென்றால்?

கோப்பைப் பூட்டிய ஆத்திரம். கட்டுரையில் தன் பெயர் இல்லையே என்ற எரிச்சல். அதற்காக ஒரு ஏழைப் பெண் வயிற்றிலா அடிப்பாள்? அடித்திருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள். பதினோரு வருடச் சினேகிதம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்த கை அது. மத்தியானம் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூலை 11, செவ்வாய்

கேட்டேவிட்டேன். அலுவலகத்தில் வைத்தே.

“பட்டியலை யாருக்குக் காட்டின?”

சுகிர்தாவுக்கு முதலில் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி நடித்தாள். நான் நடந்ததைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

“பட்டியல் அலமாரிய விட்டு வெளிய வரவே இல்லடி. ரிப்போர்ட்ல அந்தத் தலைப்பு அப்படியேவா போச்சு?”

“பேச்ச மாத்தாத.”

“மெமோ பாத்தேன்னு சொன்னியே செண்பா?”

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ பாக்கல,” என்றாள். “அதுல என்ன எழுதியிருந்தேன்னா...”

“உன் மெமோ எனக்கு வேண்டாம். ஏற்கெனவே ஒருத்தங்க உன்னால மெமோ வாங்கிட்டு வீட்ல உக்காந்திருக்காங்க.”

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். சரியான பதில்தான் சொன்னேன். ஆனாலும் டீக்கடையில் நின்றபோது டீ இறங்கவில்லை.

ஜூலை 12, புதன்

மேடத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். ‘பங்கேற்பாளரின் அடையாளத்தைக் காப்பாற்றும் பொறுப்பில் இருந்தவரே அதை வெளியிட்டுள்ளார்’ என்று முதல் வரி. மேடம் இரண்டு முறை படித்தார்.

“ஆதாரம் இருக்கா?”

“எடுத்துத் தரேன் மேடம்.”

ஜூலை 15, சனி

தூத்துக்குடி போனேன். பஸ்ஸில் நான்கு மணி நேரம். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

பிரகாசி அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு அவரை வீட்டில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கையில் கிளிப்பைப் பிடிக்க முடியாமல் இரண்டு முறை கீழே விட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

“வாங்க டீச்சர். போனை அந்த சன்னல்ல வச்சிட்டு வாங்க.”

‘நீங்க’, ‘டீச்சர்’. எனக்குச் சுருக்கென்றது. ஏப்ரலில் அவர் பேச்சைப் பதிவு செய்த போன். சன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

“கடுங்காப்பி குடிக்கியளா?”

வேண்டாம் என்றேன். எங்கள் அலுவலகத்தில் ஒருத்தி துரோகம் செய்துவிட்டாள் அக்கா, பெயரைக் காட்டிக் கொடுத்துவிட்டாள், புகார் கொடுத்திருக்கிறேன், விட மாட்டேன் என்று ஒத்திகை பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“யாரும் காட்டிக் குடுக்கல டீச்சர். மேனேசரு எல்லாத்தையும் நிக்க வச்சி அந்தப் புஸ்தகத்த வாசிச்சாரு. மாமியார் கைன்னு வாசிச்ச உடனே லைன்ல நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சிட்டாளுவ. எல்லாவளும் திரும்பி என்னத்தான் பாத்தா. பாவம், அவளுவளும் வேணும்னு பாக்கல.”

உங்கள் பெயர் வரவில்லையே அக்கா என்று மறுபடியும் அதையேதான் சொன்னேன்.

“பேரு வரல. நீங்க சொன்ன வாக்குப் பிரகாரம் வரவே இல்ல. என் வாய்தான் வந்திச்சி.”

கையைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “நான் அன்னைக்கே சொன்னேன்லா,” என்றார். “அத எழுதாதியன்னு.”

அப்படி அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வேலை போன வேதனையில் எதையோ எதனோடோ போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். எழுத்துப்படியை நான் பத்துத் தடவை படித்திருக்கிறேன், அதில் அப்படி ஒரு வரியே இல்லை.

பழைய பேச்சு அவரிடம் இல்லை. முன்பெல்லாம் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்வார். இன்று நான் இருந்த முக்கால் மணி நேரமும் கேட்டதற்கு மட்டும் பேசினார். கிளம்பும்போது, “இதையும் எழுதுவியளோ?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 17, திங்கள்

சுகிர்தாவின் மேசை காலி. விசாரணை முடியும் வரை அவள் வர வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டாராம். சாவிக்கொத்தை ஒரு உறையில் போட்டு, மேலே ‘செண்பாவிடம் கொடுக்கவும்’ என்று எழுதி வைத்திருந்தாள். அலமாரியைத் திறந்தேன். பட்டியல் உறை அரக்கு முத்திரையோடு அப்படியே இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்த முத்திரை.

விசாரணைக் குழு ஆதாரம் கேட்கிறது. பட்டியல் வெளியே போகவில்லைதான், ஆனாலும் அவள் என் கோட்டில் கை வைத்ததற்கு ஆதாரம் அந்த மஞ்சள் தாள்தான். அச்செடுத்துக் கொடுக்கலாம் என்று திறந்தேன்.

“செண்பா, கோபப்படாதே. தலைப்பை மாற்றியது நான்தான். ஏழாம் எண் ஒலியைச் சரிபார்த்தேன். நாற்பத்தொன்றாம் நிமிடம், இருபதாம் நொடியில் கேள். எழுத்துப்படியில் (சிரிப்பு) என்று போட்டிருக்கிறாய், அது சிரிப்பு இல்லை. இந்தச் சொல் வெளியே போகவே கூடாது. கட்டுரை உன்னுடையதுதான், வேறு நல்ல சொல்லாக நாம் சேர்ந்து தேடலாம். நான் வந்ததும் பேசலாம். சு.”

ஜூன் 18, காலை 11.15.

காதில் கருவியை மாட்டினேன். நாற்பத்தொன்றாம் நிமிடத்துக்குப் போனேன். மூன்று முறை கேட்டேன். மின்விசிறிச் சத்தம் அவ்வளவு ஒன்றும் இல்லை.

மேடத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘தவறான புரிதலால்’ என்று ஆரம்பித்தேன். அதை அழித்தேன். ‘சுகிர்தா மீது நான் கொடுத்த புகார் பொய்’ என்று எழுதினேன். அனுப்பிவிட்டேன். அவளை அழைத்தேன், எடுக்கவில்லை. நானும் இரண்டு முறைதான் அழைத்தேன்.

பிறகு எழுத்துப்படியைத் திறந்து ஏழாம் எண், மூன்றாம் பதிவு, பதினாறாம் பக்கத்துக்கு வந்தேன். (சிரிப்பு) என்பதை அழித்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடி தட்டினேன்.

பொற்கொடி: ஏ பிள்ள, இத மட்டும் எழுதிராத, என்ன? மாமியார் கைன்னு அங்க நான் ஒருத்திதான் சொல்லுவேன். மேனேசர் வரைக்கும் தெரியும்.

செண்பகவல்லி: எழுத மாட்டேன்க்கா.

பொற்கொடி: சத்தியமா?

செண்பகவல்லி: சத்தியமா.

அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.